உரையாசிரியர் படம் போடுகிறார்

அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், "என்ன பண்றீங்க?" என்ற கேள்வியை என்னிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. "காலேஜ்ல புரொபசர்" என்றால் போதும். எதிரில் இருப்பவர் ஊதியக் குழு, அகவிலைப்படி என்று தானாகவே பேச்சை நகர்த்திக்கொண்டு போய்விடுவார். இப்போது "படம் வரையறேன்" என்கிறேன். "அது சரி, வேலை?" என்கிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன் என்றதும் குரல் இறங்கிவிடும். "ஏன் சார், உடம்புக்கு ஏதாச்சும்...?"

தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு ஓவியன் என்று சொல்லிக்கொள்வதில் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. "ஓ, தஞ்சாவூர் பெயின்டிங்கா!" என்று கேட்பவர் முகம் மலரும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்துப் புடைப்பெடுத்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டும் கலை அது. புவிசார் குறியீடு வாங்கியது. நான் அதைச் செய்வதில்லை, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் என்று விளக்கி முடிப்பதற்குள் மலர்ந்த முகம் வாடிவிடும். என் ஒன்றுவிட்ட அக்கா மட்டும் வாடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்டா. மருமகன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வெண்ணெய்த்தாழி கிருஷ்ணன் போட்டுக் குடு. கல்லு பளபளன்னு இருக்கணும்" என்றாள். எம்.ஏ., பி.எச்டி. வாங்கியபோது அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

அன்றைக்கு என் தொழில் உரை சொல்வது. பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அந்த உரையோடு உ.வே.சா. 1889-இல் பதிப்பித்தார். அதற்குப் பின்வந்தவர்கள் விளக்கம் எழுதினார்கள். விளக்கத்தை நான் நோட்ஸாகச் சுருக்கினேன். என் நோட்ஸை மாணவர்கள் கடையில் கொடுத்து மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும்படி மேலும் சுருக்கினார்கள். இப்படிச் சுருங்கிச் சுருங்கி விடைத்தாளில் வந்து விழும்போது பாரி இருக்கமாட்டான், முல்லை இருக்காது, தேர் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அதற்கும் இரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நெடுநல்வாடையைப் பல ஆண்டு நடத்தினேன். தலைவன் போர்ப்பாசறையில், அரசி அரண்மனையில், நகை களைந்து, வண்ணம் தீட்டாத கோட்டோவியம் போல இருக்கிறாள் என்று நக்கீரர் சொல்கிறார். "உவமை நயம் பாராட்டுக" என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று இதற்கென்றே உண்டு. ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "ஐயா, கூதிர்காலத்துல வானம் என்ன கலர்ல இருக்கும்?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றேன். வகுப்பு நிம்மதியடைந்தது. எனக்குத்தான் அந்தக் கேள்வி வீடுவரை வந்தது.

அப்போது கல்லூரியில் தரச்சான்றுக் குழு வரப்போகிற பரபரப்பு. நடந்த கருத்தரங்குகளுக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை பொறித்த புகைப்படம் வேண்டும் என்றார்கள். நடக்காத கருத்தரங்குகளுக்கும் வேண்டும் என்பது குறிப்பால் உணர்த்தப்பட்டது. ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இதழில் கட்டுரை வந்தால் இத்தனை புள்ளி, கருத்தரங்கில் படித்தால் இத்தனை புள்ளி என்று ஒரு படிவம். நக்கீரரே வந்தாலும் ஐ.எஸ்.எஸ்.என். இல்லாமல் இணைப்பேராசிரியர் ஆகியிருக்க முடியாது. அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் என் முதல் படத்தைப் போட்டேன். துறைத்தலைவரின் மேசை மின்விசிறி அது. யாரும் பாராட்டவில்லை. படிவத்தை வேறு தாளில் நிரப்பித் தரச் சொன்னார்கள்.

இலக்கியத்திலிருந்து ஓவியத்துக்குப் போனவர்கள் இல்லாமல் இல்லை. தாகூர் தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்த இடங்களையெல்லாம் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கத் தொடங்கி, எழுபதை நெருங்கும் வயதில், 1930-இல், பாரிஸில் கண்காட்சியே வைத்துவிட்டார். அவர் கையில் இருந்தவை அவருடைய சொந்தத் திருத்தங்கள். என் கையில் இருந்தவையோ மாணவர்களின் பிழைகள்; அவற்றிலிருந்து படம் எழவில்லை. கேரளத்தின் ஆற்றிங்கலில் பிறந்த ஏ. ராமச்சந்திரன் 1957-இல் மலையாள இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த கையோடு சாந்திநிகேதன் போய் ஓவியம் படித்தார். பிறகு தில்லியில் ஓவியமே கற்பித்தார். அவருடைய பெரும்படைப்பு 'யயாதி'. மகனிடம் இளமையைக் கடன் கேட்ட கிழட்டு அரசனின் கதை. போயும் போயும் அந்தக் கதையா என்று, என் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யும்போது தோன்றியது.

பிரிவுபசார விழாவில் ஆங்கிலத் துறை நண்பர் என்னை பால் காகினோடு ஒப்பிட்டார். பங்குச்சந்தைத் தரகு வேலையை உதறிவிட்டு ஓவியனாகி தஹிதித் தீவுக்குப் போனவர் என்றார். காகின் போனது 1891-இல். நான் போனது மொட்டைமாடிக்கு. இன்னொரு வேறுபாட்டை நண்பர் நாகரிகம் கருதி விட்டுவிட்டார். காகினுக்குப் பென்ஷன் கிடையாது. நான் 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் பணியில் சேர்ந்தவன், ஆகவே பழைய ஓய்வூதியத் திட்டம். மூன்று மாத முன்னறிவிப்பு, தணிக்கைத் தடையில்லாச் சான்று, பணிக்கொடை, மாதந்தவறாமல் வங்கிக் கணக்கில் பணம். கலைக்காக எல்லாவற்றையும் துறந்தேன் என்று மேடையில் சொன்னார்கள். துறவு ஆணையில் கருவூலத்தின் முத்திரை இருந்தது. எனக்குப் பின்னால், புதிய திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைய ஆசிரியர் ஒருவர் கவிதை எழுதுவார். அவரைப் பார்த்து யாரும் "நீயும் விட்டுவிட்டு வா" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைய காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. அன்றும் ஒன்பதுதான், வருகைப்பதிவேடு மட்டும் இல்லை. கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கிப் போகவேண்டும். மூலையில் தொடங்கினால் கேன்வாஸ் கோணிக்கொள்ளும். ஜெஸ்ஸோ பூசி, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பூசவேண்டும். அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாக இருக்கலாம். மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடவேண்டும். மாறிப்போனால் கொஞ்ச வருஷத்தில் படம் வெடிக்கும். பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காயும். டைட்டானியம் ஒயிட் காயவே காயாது. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். மாடியில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, வத்தல் காஞ்சாலாவது குழம்புக்கு ஆகும்."

அந்த மாணவியின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. மழைவானத்துக்கென்று சாம்பல் நிறக் குழாய் எதுவும் வாங்கவேண்டியதில்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்மண் பழுப்பையும் தட்டில் வைத்துக் கத்தியால் குழைத்தால், நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு கருமை வரும். அதில் வெள்ளையைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தால், மழை வருமா வராதா என்று கும்பகோணம் சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்போமே, அந்த வானம். நீலம் ஒரு சொட்டுக் கூடினால் மழை தள்ளிப்போகும். பழுப்பு கூடினால் மாலையாகிவிடும். வயலை ஒட்டிய அடிவானத்தில் மட்டும் மஞ்சள் காவி கொஞ்சம் வேண்டும். அந்தப் பெண் இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறாளாம். விடை தெரிந்தவன் இங்கே, கேட்டவள் அங்கே; கல்வித்துறைக்கு இது புதிதல்ல.

எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவர் எந்தக் கலைக் கல்லூரியிலும் படித்தவரில்லை. சென்னையில் மவுன்ட் ரோடு பக்கம் ஒரு பேனர் கம்பெனியில் சினிமா பேனரும் அரசியல் கட்-அவுட்டும் வரைந்தவர். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஃபிளெக்ஸ் வந்ததும் கம்பெனி மூடியது. பல நாள் ஆகிற வேலையை இயந்திரம் ஒரு மணிநேரத்தில் துப்பியது. ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிச் சுவர்களில் இந்திய வரைபடமும், திருவிழாவுக்குத் திருவிழா கோயில் மதிலில் சிங்கமும் வரைகிறார். நான் வேலையை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தேன். ஓவியம் அவரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. இருவரும் என் மாடியில் சந்தித்துக்கொண்டோம். டீ என் செலவு.

முதல் நாள் ஒரு கிழவியின் முகத்தை வரைய முயன்றேன். மூக்கு வருவதற்குள் வியர்த்துவிட்டது. மாஸ்டர் புகைப்படத்தை வாங்கி அதன்மேல் ஸ்கேலால் கட்டம் போட்டார். சாக்குப்பொடி தடவிய நூலைக் கேன்வாஸில் இழுத்துப் பிடித்துச் சுண்டி, அங்கேயும் அதே எண்ணிக்கையில் கட்டம் அடித்தார். "சார், முகத்தை வரையாதீங்க. முகம்னு நெனச்சாலே கை நடுங்கும். இந்தக் கட்டத்துல என்ன இருக்கு? ஒரு வளைவு. அதை மட்டும் அந்தக் கட்டத்துல போடுங்க. முகம் அதுவா வந்துரும்." வந்தது. தொல்காப்பியத்தை நூற்பா நூற்பாவாகப் பிரித்து நடத்தியவனுக்கு இந்த முறை ஒத்துப்போனது. ஆனால் நான் பிரித்த பிறகு தொல்காப்பியம் ஒருபோதும் முழுதாகத் திரும்பி வந்ததில்லை.

பேனரில் முகத்துக்கு ரோஸ், நிழலுக்குப் பச்சை, சில சமயம் ஊதா. "எதுக்கு மாஸ்டர் முகத்துல பச்சை?" என்றேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான் உரை. தம் வாழ்நாளில் அவர் வரைந்த எந்தப் படத்துக்கும் யாரும் அவரிடம் விளக்கம் கேட்டதில்லை. எம்.ஜி.ஆர். படத்தின் கீழே நின்று "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்க மவுன்ட் ரோட்டில் யாருக்குத் தைரியம் வரும்?

என்னிடம் கேட்டார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துத்தானே இந்தப் பக்கம் வந்தேன்? இங்கே பேச்சே இருக்காது, வரைந்து மாட்டிவிட்டு ஓரமாக நிற்கலாம் என்பது என் கணக்கு. சென்னையில் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் என் மழைவானங்கள் இடம்பெற்றன. காட்சிக் கூடத்துக்காரர்கள் முதலில் கேட்டது படத்தை அல்ல, ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்டை. இருநூறு சொல்லுக்கு மிகாமல், என் கலைப் பார்வை என்ன, எந்த மரபில் நிற்கிறேன், எதை மறுக்கிறேன். எழுதினேன். மிக நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். படங்களைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. விற்றால் மூன்றில் ஒரு பங்கு கூடத்துக்கு. சில இடங்களில் பாதியே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் இது சலுகை.

கண்காட்சி நடந்தபோது நண்பர் ஒருவர் ஈஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார். கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் ஓவியர்கள் சேர்ந்து வாங்கிய நிலம் என்று கேட்டதும் மரியாதை வந்தது. கருவூல முத்திரை இல்லாத துறவு. ஆனால் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பரப்பு முழுக்க எழுத்து. மலையாளம் மாதிரி இருக்கும், படிக்க வராது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பலன் சொல்லாது. எழுத்திலிருந்து தப்பித்து ஓவியத்துக்கு ஓடிவந்தால், தென்னிந்திய நவீன ஓவியத்தின் முன்னோடி எனக்கு முன்பே எழுத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒரே ஆறுதல், அவர் எழுத்தை யாரும் நோட்ஸ் எடுக்க முடியாது.

கடைசி நாள் ஒரு படம் விற்றது. பக்கத்தில் சின்னதாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். இத்தனை ஆண்டு நான் சிவப்பு மையால் இட்டதெல்லாம் சுழி. முதல்முறையாகச் சிவப்பு எனக்குச் சாதகமாக விழுந்தது. வாங்கியவர் என் பழைய மாணவர், இப்போது வங்கி மேலாளர். காலைத் தொட்டு வணங்கிவிட்டு, "சார், படம் பிரமாதம். ஹால்ல மாட்டப்போறேன். வர்றவங்க கேப்பாங்க, அதனால ஒரு பக்கத்துக்கு நோட்ஸ் மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா..." என்றார். பாயின்ட் பாயின்ட்டாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தலைப்பு, முன்னுரை, பொருள், முடிவுரை. பழக்கம்.

தஞ்சாவூர் திரும்பியதும் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. 'சங்க இலக்கியத்தில் ஓவியக் கலை' என்று கருத்தரங்கு. "ஐயாதான் சரியான ஆளு. ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்க." வேலையில் இருந்தபோது என்னை ஒரு பக்கமும் தெரியாதவன் என்று நினைத்திருந்த அதே துறை. சம்மதித்தேன்.

நெடுநல்வாடையையே எடுத்துக்கொண்டேன். அரசியின் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் ஓவியம். மேடம் முதலான ராசிகள், நடுவே நிலவும் அதைப் பிரியாத உரோகிணியும். அரசி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இந்த இடத்தில் 'பண்டைத் தமிழரின் கலைநுட்பம் புலனாகிறது' என்று எழுதச் சொல்லி எத்தனையோ வகுப்புகளைக் கரையேற்றியிருக்கிறேன். இப்போது கையில் தூரிகை இருந்ததால் வேறு கவலை வந்தது. மெழுகுத் துணியில் வண்ணம் எப்படி நிற்கும்? மாஸ்டரிடம் பாட்டைக் கதையாகச் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெழுகு மேல தண்ணிக் கலரும் நிக்காது, ஆயிலும் சரியாப் பிடிக்காது சார். மெழுகை உருக்கி அதுலயே பவுடரைக் கலந்து சூட்டோட போட்டிருப்பான். இல்லேன்னா கலரைப் போட்டுட்டு மேலாப்புல மெழுகு தேச்சிருப்பான். ராத்திரி பூரா கீழ விளக்கு எரியுமில்ல? கரி படியும். மெழுகா இருந்தா தொடச்சா போயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தம்மா கட்டில்லேர்ந்து அண்ணாந்துதானே பாக்குது? அப்ப நேரா நின்னு பாக்கிற மாதிரி போட்டிருக்க மாட்டான். நாங்க கட்-அவுட்டுக்கு முகத்தை இழுத்துப் போடுவோம், கீழேருந்து பாத்தா சரியாத் தெரியணும்னு. படுத்திருக்கிற ஆளுக்குன்னு வரைஞ்ச படம் சார் அது. வேற யாருக்குமே சரியாத் தெரியாது" என்றார்.

தனிமையில் கிடக்கிற ஒருத்திக்கு மட்டுமே சரியாகத் தெரிகிற படம். பிரிவைப் பற்றிய ஒரு பாட்டில் இதைவிட என்ன வேண்டும்? நான் படித்த உரைகளிலும் இல்லை, எழுதவைத்த நோட்ஸிலும் இல்லை. கட்டுரையின் நடுவே இதை வைத்து, மாஸ்டரின் பெயரையும் தொழிலையும் போட்டு அனுப்பினேன்.

பதிப்புக் குழுவிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் பேசினார். மரியாதையான பிள்ளை. "ஐயா, அந்த மெழுகு கருத்து அருமைங்கய்யா. ஆனா அடிக்குறிப்புல நூல் பேரு, பதிப்பகம், பக்க எண் இல்லையே?"

"நூல் இல்லப்பா. அவர் வாயால சொன்னது."

"நேர்காணல்னு போடலாங்கய்யா. அவரோட கல்வித்தகுதி?"

"ஆறாம் வகுப்பு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அய்யா தப்பா நெனைக்கக் கூடாது. உங்க சொந்தக் கருத்துன்னே போட்டுடலாமே? ஒரு பிரச்சினையும் வராது" என்றார்.

முடியாது என்றேன். மாலையில் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விடுங்க சார். பேனர்ல எப்பவும் முதலாளி பேருதானே போடுவோம்?" என்று சிரித்தார்.

இதழ் வந்துவிட்டது. மெழுகு இருக்கிறது, விளக்குக் கரி இருக்கிறது, படுத்திருப்பவர் கண்ணுக்கேற்ற ஓவியம் இருக்கிறது. அடிக்குறிப்பு மட்டும் 'பக்க வரையறை கருதி' நீக்கப்பட்டிருக்கிறது. முதலாளி இடத்தில் என் பெயர், தடித்த எழுத்தில். அட்டைக்கு இணையத்திலிருந்து ஏதோ மயில் படம். கூடவே சான்றிதழ் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையால் என் பணிமேம்பாட்டுக்கு முழுப் புள்ளி கிடைக்குமாம்.